தலைக்கு 46 கிலோ

டிசம்பர் 17, 2024, செவ்வாய். லிலாங்வே, மலாவி

ஊருக்குக் கிளம்பும்போது எங்கள் பெட்டிகள் எப்போதும் காலி. நான்கு பெட்டியிலும் சேர்த்து மலாவித் தேயிலை நான்கு பொட்டலம், அம்மாவுக்கும் அண்ணிக்கும் ஆளுக்கொரு சிட்டென்ஜெ துணி, எங்கள் மாற்று உடுப்பு. மீதி இடமெல்லாம் காற்று. எடை எல்லாம் திரும்பி வரும்போதுதான். விமானத்தில் தலைக்கு 46 கிலோ. இருவருக்கும் 92. அந்த 92-க்கு ஆஸ்பத்திரியில் ஒரு மாதமாகவே சண்டை. வாங்கி வரச் சொல்லி லேபில் ஒரு பட்டியல், பிரசவ வார்டில் ஒரு பட்டியல், ஆபரேஷன் தியேட்டரில் ஒன்றரைப் பக்கம். "கொஞ்சம் அம்மா செய்யும் ஊறுகாய்க்கும் விடுங்கள்" என்றதற்குத் தியேட்டர் சிஸ்டர் சிரிக்கவே இல்லை.

கேட்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் மெயின்டனன்ஸ். ஜெனரேட்டர், பம்ப், ஆட்டோகிளேவ், ஆக்ஸிஜன் மெஷின், கதவுத் தாழ்ப்பாள் வரை எல்லாம் என் பாடு. இவள், என் மனைவி, குழந்தைகள் வார்டில் சிஸ்டர். வந்து ஒன்பது வருடம் ஆகிறது.

பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஊரெங்கும் வரிசை. இருக்கும் டீசலை ஆம்புலன்ஸுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்க மனம் வரவில்லை. சபை மூப்பர் ஒருவரின் பிக்கப்பில், சோள மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஏர்போர்ட் வந்து சேர்ந்தோம். ஜெனரேட்டர் சாவியை என் உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவரை நான் அழைப்பது 'அச்சிம்வேனே', அவரும் என்னை அப்படித்தான். சிச்சேவா மொழியில் சகோதரன் என்று அர்த்தம்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன். நான்காம் நம்பர் ஆக்ஸிஜன் மெஷினுக்கு கம்ப்ரஸர் என்றார். அது ஆஸ்பத்திரிக்கு, உங்களுக்கு என்ன என்றேன். கொஞ்சம் யோசித்தார். "உங்கள் அப்பா வேலை செய்த தங்கச் சுரங்கத்திலிருந்து ஒரு கல்."

டிசம்பர் 18, புதன். பெங்களூரு

அடிஸ் அபாபாவில் விமானம் மாறி, காலையில் இரண்டாம் டெர்மினல். கூரையெங்கும் மூங்கில், தொங்கும் செடிகள். ஏதோ ரிசார்ட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று இவள் இந்த முறையும் சொன்னாள்.

குடிவரவுக்கு முன்னால் ஆரோக்கியத் துறை மேசை. ஆப்பிரிக்காவிலிருந்து வருபவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட மஞ்சள் புத்தகம் கேட்பார்கள். மலாவி அந்த நோய் உள்ள நாடு இல்லை, ஆனால் எத்தியோப்பியா பட்டியலில் உண்டு. ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராமல் விமானம் மாறியவர்களுக்கு விதிவிலக்கு உண்டுதான். அதை மேசையில் நின்று வாதாடுவதைவிடப் புத்தகத்தை நீட்டுவது சுலபம். எங்களுக்குப் பின்னால் ஒரு பையன், பத்து வருடம் ஆகிவிட்டதே, செல்லாதோ என்று வெளிறிப்போய் நின்றான். 2016 ஜூலையிலிருந்து அந்த ஊசி ஆயுளுக்கும் செல்லும் என்று இவள் சொன்னதும்தான் அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது.

மர்ஃபி டவுன் வீட்டுக்கு வந்து சேர மதியமாகிவிட்டது. வாசலில் பெரிய காகித ஸ்டார், உள்ளே சீரியல் லைட். அம்மா என்னைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்தாள். "இன்னா கண்ணு, இப்படி இளைச்சிட்டே? அங்க சோறே போட மாட்டாங்களா?" அங்கே சோறு இல்லை, சீமா என்று வெள்ளைச் சோள மாவில் களி கிண்டுவார்கள், கையில் உருட்டிக் கீரையில் தொட்டுச் சாப்பிடுவோம் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறோம். "நம்ம ராகி முத்தெ மாதிரியா?" என்று அம்மாவும் ஒவ்வொரு முறையும் கேட்கிறாள்.

டிசம்பர் 19, வியாழன்

தூக்கம் மூன்றரை மணி நேரம் பின்தங்கி நிற்கிறது. விடியற்காலையில்தான் கண் சொருகுகிறது. எழுந்து ஹாலுக்கு வந்தால், மூலையில் அது.

அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷின். வெள்ளை லேஸ் துணி போர்த்தி, அதன் மேல் வழக்கம்போலக் கிறிஸ்துமஸ் குடில். மாட்டுக்கொட்டகை, வைக்கோல், மூன்று ராஜாக்கள். ஒரு ஒட்டகத்துக்குக் கால் இல்லை.

அப்பா கோலார் தங்கவயல், சேம்பியன் ரீஃப் ஆள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம். ஆட்களையும் பாறையையும் மேலே இழுக்கும் வைண்டிங் எஞ்சினுக்கு அவர் ஃபிட்டர். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியதும் பெங்களூர் வந்தோம். வேலை போன பிறகும் வேலையின் தூசி அவர் நெஞ்சில் இருந்தது. கல்லுடைத்த தூசி நுரையீரலை மெல்ல மெல்ல இறுக்கும் சிலிக்கோசிஸ். 2021 ஏப்ரலில் பெங்களூரில் ஆக்ஸிஜனுக்கு ஊரே அலைந்தபோது அண்ணன் எங்கெங்கோ ஓடி, இரண்டு மடங்கு விலை கொடுத்து இந்த மெஷினை வாங்கினான். எனக்கு வர வழியில்லை, வழக்கமான சர்வதேச விமானங்கள் அப்போது ஓடவில்லை. ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவது எப்படி என்று மலாவியிலிருந்து வீடியோ காலில் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அப்பா ஐந்து வாரம் அதில் மூச்சு விட்டார். அடக்கத்தையும் அதே போனில்தான் பார்த்தேன்.

2022-ல் வந்தபோது மெஷினைக் கேட்டேன். "அப்பாவோடது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். இந்த முறை கேட்பதாக இல்லை. ஆனால் கண் அங்கேதான் போகிறது. உள்ளே இருக்கும் கம்ப்ரஸர் எங்கள் நான்காம் நம்பரில் இருப்பதன் அதே மாடல்.

டிசம்பர் 21, சனி. எஸ்.பி. ரோடு

இது எனக்குப் பண்டிகைச் செலவு. டவுன் ஹால் பக்கம் இறங்கி சதர் பத்ரப்பா ரோட்டுக்குள் நுழைந்தால் உடம்பு தானாக விறுவிறுப்பாகிறது. ஆறடி அகலக் கடைக்குள் ஐயாயிரம் டப்பா. கேட்டதும் கை நேராகச் சரியான டப்பாவுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை தெருவே மூடிக் கிடக்கும் என்பதால் இன்றே பாதிப் பட்டியலை முடித்தேன். ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் 12, சோலனாய்டு வால்வு 6, பேரிங், ரிலே, ஷ்ரிங்க் டியூப். ஒரு கடைக்காரர் கன்னடத்தில் தொடங்கி, இந்திக்குத் தாவி, என் உச்சரிப்பைக் கேட்டுத் தமிழில் வந்து முடித்தார். "எதுக்குங்க இவ்ளோ வால்வு, ஆர்.ஓ. பிளான்ட்டா?"

இல்லை, ஆக்ஸிஜன் மெஷின் என்றேன். அறைக் காற்றை உறிஞ்சி, அழுத்தி, ஜியோலைட் என்னும் மணல் போன்ற பொருள் நிரம்பிய இரண்டு குழாய்களுக்குள் மாற்றி மாற்றி அனுப்பும். ஜியோலைட் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மறுமுனையில் 90 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன் வரும். ஒரு குழாய் வேலை செய்யும்போது மற்றது பிடித்த நைட்ரஜனைக் கக்கும். சில நொடிக்கொரு முறை 'புஸ்' என்று கேட்பது அதுதான். குழாய் மாற்றுவது இந்த வால்வு. 200 ரூபாய்ச் சாமான் போனால் மொத்த மெஷினும் பிணம். கடைக்காரர் மேலும் இரண்டு வால்வை எடுத்து வைத்து, "இதுக்குக் காசு வேணாம்" என்றார்.

ஜியோலைட் இங்கே கிடைக்காது. பீன்யாவில் ஒரு டீலரிடம் சீல் வைத்த டின்னில் 4 கிலோ சொல்லியிருக்கிறேன். திறந்துவிட்டால் காற்றின் ஈரத்தைக் குடித்து வீணாகிவிடும். மழைக்கால மலாவிக்கு அதை எடுத்துப்போவது நனைந்த கையில் உப்பு கொண்டு போவது மாதிரி.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் "நம் சபையின் மிஷனரி தம்பதியர் பத்து நிமிடம் சாட்சி சொல்வார்கள்" என்று போதகர் ஐயர் அறிவித்துவிட்டார். மிஷனரி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு யாரோ பின்னால் நிற்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

ஜனங்கள் எதிர்பார்ப்பது சிங்கம். எங்கள் ஊரில் சிங்கம் இல்லை, சோளக்காடுதான் இருக்கிறது. நான் கரண்ட் போவதைப் பற்றிப் பேசினேன். ஜனவரி 2022-ல் அனா புயலில் கப்பிச்சிரா நீர்மின் நிலையம் உடைந்து நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே இரவில் போனது. அன்று வார்டில் ஒரு மெஷினிலிருந்து நான்கு குழந்தைகளுக்குக் குழாய் பிரித்துக் கொடுத்தோம். கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் வோல்டேஜ் எகிறி இரண்டு போர்டு கருகியது. எனக்கே தெரிந்தது, முன்வரிசையில் கொட்டாவி.

இவள் எழுந்தாள், சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை. மழை பிடித்ததும் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு மூன்று குழந்தைகள், மலேரியாவில் ரத்தம் வற்றி, உள்ளங்கை வெளுத்துப்போய் வரும். நோயாளிக்குச் சமைக்கவும் துவைக்கவும் கூட வரும் அம்மா, பாட்டிகள் தங்க ஆஸ்பத்திரியை ஒட்டி ஒரு கொட்டகை உண்டு. விடியற்காலை அங்கிருந்து எழும் விறகுப் புகையை வைத்தே அன்று எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம். "மலேரியாவுக்கு ஊசி வந்துடுச்சாமே?" என்று ஒரு அக்கா கேட்டார். வந்துவிட்டது. 2019 ஏப்ரல் 23-ல் உலகத்திலேயே முதலில் மலாவியில்தான் வழக்கமான தடுப்பூசிகளோடு போட ஆரம்பித்தார்கள். 5, 6, 7 மாதத்தில் மூன்று, 22-ம் மாதத்தில் ஒன்று. அடுத்து வந்த இன்னொரு மலேரியா ஊசி நம் புனேயில் தயாராகிறது. முழுதாகத் தடுக்காது, கடுமையைக் குறைக்கும், கொசுவலையை மடித்து வைக்க முடியாது என்றாள். வார்டில் கொடுக்கும் மலேரியா மாத்திரை அட்டையைத் திருப்பினால் சில சமயம் பெங்களூர் விலாசம் இருக்கும் என்று சொன்னபோது எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

பிறகு வழக்கமான இடம். மூன்று மூட்டை பழைய துணி. அன்புதான். ஆனால் அதை ஏற்றிப்போகும் செலவில் அங்கே புதுத்துணியே வாங்கலாம் என்பதை எப்படிச் சொல்ல? இவள் சிரித்துக்கொண்டே குழந்தைத் தொப்பிகளை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டாள்.

வாசலில் ஒரு பெரியவர் ஓரமாகக் காத்திருந்தார். ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையில், எக்ஸ்சேஞ்ச் பிரிவில் முப்பது வருடம் இருந்தவராம். சிங்கம் கேட்கவில்லை. "தம்பி, அந்த போர்டு கருகிச்சின்னு சொன்னியே, ஃப்யூஸ் எத்தினி ஆம்பியர் போட்டிருந்தே?"

பத்து நிமிடச் சாட்சிக்கு அவர் ஒருவர் போதும்.

டிசம்பர் 23, திங்கள்

காலையில் மீன்தொட்டிக் கடை. சிலிக்கான் டியூபும் சின்ன ஏர் பம்பும் வேண்டும். பிறந்த குழந்தைகளின் நுரையீரல் சுருங்காமல் காற்றை லேசான அழுத்தத்தில் ஊதிக்கொண்டிருக்கும் கருவி ஒன்று எங்களிடம் உண்டு, பெயர் புமானி. சிச்சேவாவில் சுகமாக மூச்சு விடு என்ற பொருள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்து மாணவர்களும் மலாவியின் பிளான்டைர் நகரத்துக் குயின் எலிசபெத் ஆஸ்பத்திரிக்காரர்களும் சேர்ந்து உருவாக்கியது. அதன் முதல் மாதிரியில் இருந்ததே மீன்தொட்டிப் பம்புதான். எங்கள் கருவி நன்றாகத்தான் ஓடுகிறது, இவை அச்சிம்வேனேவின் பயிற்சி மேசைக்கு.

"எத்தனை மீன் வச்சிருக்கீங்க?" என்றார் கடைக்காரர்.

"மீன் இல்லைங்க."

"அப்ப இனிமேதான் வாங்கணுமா? கோல்டு ஃபிஷ் ஜோடி போடட்டா?"

விளக்கப்போனால் இன்னும் அரை மணி ஆகும். பிறகு வருகிறேன் என்று தப்பித்தேன்.

இரவு கேரல் ரவுண்ட்ஸ். வேனில் ஆர்மோனியம், டிரம், தாத்தா வேஷத்தில் ஒரு பையன். லிங்கராஜபுரம் வரை போய் விடியற்காலை மூன்றரைக்குத் திரும்பினோம். தொண்டை கட்டிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் கேக், கல்கலா, அச்சு முறுக்கு, மறுபடி கேக்.

டிசம்பர் 25, புதன்

விடியற்காலை ஆராதனை. அம்மாவின் மட்டன் பிரியாணி. அண்ணன் பிள்ளைகள். எழுத நேரமில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

நேற்று இரவு மன்மோகன் சிங் காலமானார். இன்று இங்கே அரசு விடுமுறை. வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டே இருந்தது. மதியம் அம்மா திடீரென்று, "அதைத் திறந்து பாரேன், ஓடுதான்னு" என்றாள்.

நான் கேட்கவில்லை. நிச்சயமாகக் கேட்கவில்லை. இவள் கேட்டாளா என்று பார்த்தேன், அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

குடிலை அம்மாவே இறக்கி, ராஜாக்களைத் தட்டில் வைத்தாள். பிளக் போட்டேன். மூன்றரை வருடம் தூங்கிய மெஷின் ஒரு உறுமலோடு எழுந்து, புஸ்... புஸ்... என்று ஓட ஆரம்பித்தது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஐந்து வாரம் இரவும் பகலும் அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் அவள் தூங்கியிருக்கிறாள். சத்தம் நின்ற இரவில் தூக்கம் வரவில்லை என்று முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

ஆக்ஸிஜன் அனலைசரை வாயில் பிடித்தேன். 71. இருபது நிமிடம் ஓடவிட்டேன். 71-தான். 82-க்குக் கீழே போனால் நோயாளிக்கு வைக்கக்கூடாது என்பது கணக்கு. ஜியோலைட் போய்விட்டது. நான்கு மழைக்காலத்து ஈரம்.

"கெட்டுப்போச்சா?"

"மணல்தாம்மா போச்சு. கம்ப்ரஸர் நல்லா இருக்கு."

"அது இன்னா பண்ணும்?"

"அதுதான் இழுத்து ஊதறது."

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அதை மட்டும் கழட்டிக்க. பெட்டியை இங்கயே வுட்டுடு, குடில் வைக்க வேற எடமில்லை" என்றாள்.

அப்பாவின் ஸ்பானர் செட்டை எடுத்துக் கழற்றினேன். கம்ப்ரஸர் ஐந்தரை கிலோ. காலிப் பெட்டியின் மேல் லேஸ் துணி, அதன் மேல் குடில் திரும்ப ஏறியது. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

டிசம்பர் 28, சனி. தங்கவயல்

மாரிக்குப்பம் ரயில். அம்மா ஜன்னலோரம். பங்காருபேட்டை தாண்டியதும் அவள் பேச்சில் தங்கவயல் ஏறிவிடும். கல்லை அரைத்து சயனைடில் கழுவிக் கொட்டிய மண்மலைகள் வெயிலில் சாம்பல் நிறத்தில் நின்றன. சின்ன வயதில் காற்றடித்தால் அந்தத் தூசி சோற்றில் விழும். 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து இங்கே கரண்ட் வந்துவிட்டது, பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான் என்று அப்பா பெருமை பேசுவார். நாங்கள் இருந்த லைன் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். காபி கொடுத்தார்கள்.

சாலையோரத்தில் வெள்ளைக் குவார்ட்ஸ் துண்டு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டேன். அச்சிம்வேனேவின் அப்பாவும் தங்கச் சுரங்கம் போனவர். ஜோஹன்னஸ்பர்க்குக்கு ஆள் எடுத்த கம்பெனியை அங்கே 'வெனேலா' என்பார்கள். மலாவி கிராமங்களில் ஒரு தலைமுறை ஆண்களே அதில் போனார்கள். 1974-ல் ஊர் திரும்பிய சுரங்கத் தொழிலாளர்களின் விமானம் போட்ஸ்வானாவின் ஃபிரான்சிஸ்டவுனில் விழுந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும், மலாவி அதிபர் பண்டா ஆள் அனுப்புவதை நிறுத்தினார். அச்சிம்வேனேவின் அப்பா அதற்கு முன்பே திரும்பிவிட்டார், ஒரு ரேடியோவோடும் ஓயாத இருமலோடும். அந்த இருமலைப் பற்றி அவர் சொன்ன அன்றுதான் நாங்கள் சகோதரர்கள் ஆனோம்.

டிசம்பர் 31, செவ்வாய்

ஆண்டிறுதி ஆராதனை. புது வருடத்துக்கு ஆளுக்கொரு வாக்குத்தத்த வசனச் சீட்டு எடுத்தோம். எனக்குப் போன வருடம் வந்ததே மறுபடியும் வந்தது. ஐயரிடம் சொன்னேன், "இன்னும் நிறைவேறலை போல" என்றார்.

ஜனவரி 4, சனி

பெட்டி கட்டும் நாள். குளியலறைத் தராசை ஹாலில் போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஏறுவேன், என் எடையைக் கழித்து இவள் எழுதுவாள். பண்டிகையில் மூன்று கிலோ ஏறியதை நான் கணக்கில் எடுக்காததால் முதல் இரண்டு பெட்டியும் தப்பாகப் போனது.

ஐ.டி.ஐ. பெரியவர் காலையில் வந்தார். பழைய பிஸ்கட் டின்னில் ஆம்பியர் வாரியாகப் பிரித்து, சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமாக ஃப்யூஸ்கள். ஒவ்வொன்றிலும் கோணாத கையெழுத்தில் அளவு. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். 600 கிராம். அந்த 600 கிராமுக்கு யாரும் சண்டை போடவில்லை.

மாவடு நின்றது, எலுமிச்சை ஊறுகாய் ஏறியது. புளி ஏறியது. இரண்டு புடவை இறங்கின. விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் கிளிப்புகள் 20, குழந்தைத் தொப்பிகளுக்குள் சுருண்டு படுத்தன. கொல்லையில் அம்மா தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொசுதான் மலேரியாவைக் கொண்டுவருகிறது என்று பின்னால் நிரூபித்த ரொனால்ட் ராஸ், 1883-ல் இதே பெங்களூர் கன்டோன்மென்ட்டில் பட்டாள டாக்டராக இருந்தபோதுதான் பங்களாவின் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்தால் கொசு குறைவதைக் கவனித்தாராம். அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கு வெள்ளைக்காரன் வந்து சொல்லணுமா?"

ஜனவரி 6, திங்கள்

டி.வி.யில் காலையிலிருந்து பெங்களூரில் இரண்டு கைக்குழந்தைகளுக்கு எச்.எம்.பி.வி. வைரஸ் என்று ஒரே அலறல். மூன்று மாதப் பெண் குழந்தை ஏற்கெனவே குணமாகி வீடு போய்விட்டது, எட்டு மாதப் பையன் தேறி வருகிறான், இது பழைய வைரஸ்தான் என்று அதே செய்தியில் கீழே ஓடுகிறது. அண்ணிக்கு 2021 ஞாபகம் வந்துவிட்டது. முகக்கவசப் பெட்டியைத் தேட ஆரம்பித்தாள். அம்மா காலி மெஷினை ஒரு பார்வை பார்த்தாள். கம்ப்ரஸரைத் திரும்பக் கேட்பாளோ என்று எனக்குத் திக்கென்றது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? தெரியவில்லை.

ஏர்போர்ட்டில் தராசு: 23.2, 22.9, 23.4, 22.8. கவுன்டர் பெண் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கேனில் மட்டும் நிறுத்தினார்கள். காவலர் பெட்டியைத் திறக்கச் சொல்லி, துண்டில் சுற்றியிருந்த கம்ப்ரஸரைத் தட்டிப் பார்த்தார். "ஃப்ரிட்ஜ் மோட்டாரா?"

"ஆக்ஸிஜன் மெஷினோடது சார்."

பிஸ்கட் டின்னையும் திறந்தார். பொட்டலங்களைப் பார்த்துவிட்டு அவரே மூடி வைத்தார்.

ஜனவரி 7, செவ்வாய். அடிஸ் அபாபா

இங்கே இன்றைக்குத்தான் கிறிஸ்துமஸ். கென்னா என்கிறார்கள். வெள்ளைப் பருத்திப் புடவை போன்ற உடையில் பெண்கள், ஓரத்தில் வண்ணக் கரை. தரையில் பச்சைப் புல் பரப்பி, காபிக்கொட்டையை நம் கண்முன் வறுத்து, கரிமண் கூஜாவில் காய்ச்சி, கூடவே சோளப்பொரி. இவள் மூன்று கோப்பை குடித்தாள்.

இவர்களுக்கு வருடத்தில் பதின்மூன்று மாதம். மணியும் விடியலிலிருந்து எண்ணுவார்கள், நம் ஏழு மணி அவர்களுக்கு ஒன்று. நம் பஞ்சாங்கத்து நாழிகைக் கணக்கை அம்மா இன்னும் சொல்வாள், அவளுக்கு இந்த ஊர் பிடித்திருக்கும். வருடமும் ஏழெட்டுப் பின்னால். சுவரில் தொங்கிய காலண்டரில் 2017 என்று இருந்தது. 2017-ல் அப்பா இருந்தார். தினமும் அல்சூர் ஏரியைச் சுற்றி நடப்பார்.

லிலாங்வே விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள்.

ஜனவரி 9, வியாழன்

இரண்டு நாள் எழுத முடியவில்லை. மழை. ஏர்போர்ட்டிலிருந்து வரும் மண்சாலையில் வண்டி இரண்டு முறை புதைந்தது. எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் கசிந்து, பிரசவ வார்டுக்கு வாங்கிய கையுறைப் பெட்டியெல்லாம் காயமும் கடுகும் மணக்கிறது. இவள் மறுநாள் காலையே வார்டுக்குப் போய்விட்டாள். ஒரு கட்டிலுக்கு மூன்று.

கம்ப்ரஸரைத் துண்டோடு தூக்கிக்கொண்டு ஒர்க்ஷாப் போனேன். நான்காம் நம்பர் மெஷின் அங்கே இல்லை. வார்டில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார் அச்சிம்வேனே. இரண்டாம் நம்பரையும் ஐந்தாம் நம்பரையும் பிரித்து, மூன்றுக்கும் சேர்த்து ஒன்றாக ஓட்டிவிட்டார். டிசம்பர் 24 இரவு. போய்ப் பார்த்தேன். அனலைசரில் 91.

எனக்குக் கொஞ்சம் சப்பென்று இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் இரண்டாம் நம்பர் இப்போது வயிறு காலியாகக் கிடக்கிறது. கம்ப்ரஸர் அதற்கு. ஜியோலைட் டின்னை மழை நிற்கும் ஒரு நாளில்தான் திறக்க வேண்டும். அதுவரை ஸ்டோர் அலமாரி. இங்கே ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சீட்டு கட்டுவோம். அச்சிம்வேனே பேனாவை எடுத்தார்.

"எங்கிருந்து வந்தது?"

"மர்ஃபி டவுன்."

"கம்பெனியா?"

"வீடு."

அப்படியே எழுதிக் கட்டினார். பிறகு கல்லைக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில் தங்கம் எவ்வளவு இருக்கும்?"

"கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை அரைத்தால் சில கிராம். அவ்வளவுதான்."

கல்லைக் கையில் வைத்து எடை பார்த்தார், உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார், சிரித்துவிட்டார். ஈரக்காற்றில் படபடத்துக்கொண்டிருந்த ஜெனரேட்டர் லாக் புத்தகத்தின் மேல் அதை வைத்தார். வார்டிலிருந்து ஆள் வந்து நின்றது, மூன்றாம் கட்டில் பக்கத்து பிளக் வேலை செய்யவில்லையாம்.